எட்டோஷாவில் முகாம் விட்டு முகாம்: நாமே கார் ஓட்டிப் போவது எப்படி?

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல் நாமே கார் ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கும் நம்மூர் மாதிரி சாலையின் இடதுபக்கம்தான். விசா, டிக்கெட், முகாம் முன்பதிவு எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

1. மாதம். ஜூன் முதல் அக்டோபர் வரை. மழை அநேகமாகக் கிடையாது, காடு காய்ந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீர்க் குட்டைகளைத் தேடி வந்தே ஆக வேண்டும்.

2. வண்டி. பூங்காவுக்குள் பெரும்பாலும் சரளைச் சாலை. சாதாரண கார் போதும். ஆனால் காசு இருந்தால் உயரமான வண்டியே எடுங்கள், புதருக்கு மேலே பார்வை போகும். சாவி வாங்கும் இடத்திலேயே ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். சரளைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ.) வாங்குங்கள். 10 மடங்கு என்றால் கை லேசாக ஆடினாலே படமும் ஆடும்.

3. நேரக் கணக்கு. நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒகாகுயேயோ முகாமிலிருந்து ஹலாலி முகாம் சுமார் 70 கிலோமீட்டர், அங்கிருந்து நமுடோனி முகாம் ஏறக்குறைய 75. வேக வரம்பு மணிக்கு 60. ஹலாலியிலிருந்து நமுடோனிக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். ஹலாலியைத் தாண்டி கோவாஸ் குட்டையில் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. எழுந்திருக்கும், எழுந்திருக்கும் என்று காத்திருந்தோம். கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வழியில் யானைக் கூட்டம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. சுண்ணாம்புப் புழுதி படிந்து அத்தனை யானைகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. யானை நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான். ஹாரன் அடிக்கவோ ஓரமாக நுழையவோ கூடாது. முகாம் கதவு சூரியன் மறையும்போது மூடிவிடும். காவலர் கதவில் கை வைத்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அப்புறம் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: கதவு மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓட்டும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். அந்த நேரம் வந்ததும் எதிரே சிங்கமே இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மூடும் நேரம் வாசல் பலகையிலேயே இருக்கும். காலையில் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பார்ப்பது. குட்டைக்குக் குட்டை ஓடாதீர்கள். ஒரே இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருங்கள். ஸ்பிரிங்பாக் மான்கள் எல்லாம் ஒரே திசையில் தலை தூக்கி நின்றால் அந்தப் பக்கம் பாருங்கள், ஏதோ ஒரு வேட்டை விலங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். முன்னங்கால்களை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அகட்டி, உதடு தண்ணீரில் படுவதற்குள் இரண்டு முறை பதறி நிமிர்ந்துவிடும்.

இரவில் ஒகாகுயேயோ குட்டைக்கு விளக்குப் போட்டிருக்கும். இரவு உணவு முடிந்ததும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். கறுப்புக் காண்டாமிருகத்தை நாங்கள் பார்த்தது அங்கேதான். அது உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த சுவர் வரை கேட்டது.

பின்சேர்க்கை: "நடுவழியில் கழிப்பறை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முகாம்களுக்கு இடையே வேலி போட்ட கழிப்பறைகள் உண்டு, வரைபடத்தில் குறித்திருக்கும். அங்கேயும் முகாம்களிலும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. உள்ளே ஓட்டிப் போனதும் வேலிக் கதவை மறக்காமல் சாத்துங்கள். இறங்குவதற்கு முன் வேலிக்கு உள்ளே விலங்கு ஏதும் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.