பழைய என்லார்ஜரை இருட்டறையில் நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய என்லார்ஜர் (நெகட்டிவில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) ஒன்று வீட்டுக்கு வந்தால், அன்று இரவே ஒரு பிரின்ட் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. வந்த படத்தில் நடுப்பகுதி கூர்மையாக இருந்தது. இடதுபக்க மேல் மூலை மட்டும் மங்கியிருந்தது. நெகட்டிவைச் சந்தேகப்பட்டேன். படமெடுத்த கேமராவைச் சந்தேகப்பட்டேன். லென்ஸைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒரு பெட்டித் தாள் தீர்ந்த பிறகுதான், தூணை அடிப்பலகையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்து, விளக்கும் லென்ஸும் உள்ள தலைப்பகுதி முழுவதும் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. குறை இயந்திரத்தில் இருக்கும். தாளில் நம் கைப்பிழை போல வந்து நிற்கும். ஆகவே முதல் பிரின்டுக்கு முன்பே இயந்திரத்தை முழுவதுமாகப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கொண்டுவந்ததும் பிளக்கைச் சொருகுவது. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய ஒயருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்துபோயிருக்கும். மேலே நெய்திருக்கும் துணி உறை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். லேசாக வளைத்தால் உள்ளே மொறுமொறுவென்று உடைவது விரலுக்குத் தெரியும். விளக்குக் கூண்டோ உலோகம். கைக்கெட்டும் தூரத்தில் டெவலப்பர் (தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்) தட்டு, ஈரக்கை. பழைய இரண்டு கம்பி ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு, உலோக உடலை எர்த்தோடு இணைக்க வேண்டும். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். விளக்கில் எழுதியிருக்கும் வோல்ட் அளவையும் படியுங்கள்: 110 வோல்ட் விளக்கை 230 வோல்ட் மின்சாரத்தில் போட்டால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து போய்விடும். சாக்கெட்டின் அருகே சாம்பல் நிறத்தில் நார்நாராக ஏதேனும் சுற்றியிருந்தால் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். வெப்பம் தாங்குவதற்கு ஆஸ்பெஸ்டாஸ் வைத்த காலம் அது.

சுத்தம் செய்யும் ஆர்வத்தில் தலைப்பகுதியைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எடையைச் சமன்செய்யப் பல மாடல்களில் வலுவான சுருள்வில் இருக்கிறது. தலை கீழே இருக்கும்போது வில் முழு விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எடையை அகற்றினால் தலையைத் தாங்கும் பகுதி மேல்நோக்கிப் பாயும், விரல் நசுங்கும். தலையைத் தூணின் உச்சிவரை ஏற்றிப் பூட்டிய பிறகே எதையும் கழற்றுங்கள்.

இனி, என் மூலையை மங்கவைத்த விஷயம். நெகட்டிவ் மேடை, லென்ஸ் பலகை, அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பலரும் ரசமட்டத்தை எடுத்துவந்து மேசையைச் சமன்செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. மூன்று தளங்களிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ரசமட்டத்தைவிடத் துல்லியமான வழி இரண்டு கண்ணாடிகள். ஒன்றை அடிப்பலகையில் மல்லாத்தி வையுங்கள். இன்னொன்றின் பின்புறப் பூச்சை நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குச் சுரண்டி எடுங்கள். விளக்குக் கூண்டைத் தூக்கிவிட்டு, லென்ஸையும் கழற்றிவிட்டு, இந்தக் கண்ணாடியை நெகட்டிவ் மேடையில் முகம் கீழே பார்க்கும்படி படுக்கவைத்து, சுரண்டிய துளை வழியாகப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சுரங்கம் தெரியும். தளங்கள் இணையாக இருந்தால் சுரங்கம் நேராக இறங்கும். இல்லாவிட்டால் வாழைப்பழம்போல் ஒருபக்கம் வளையும். தூணின் அடியில் மெல்லிய அலுமினியத் தாளை மடித்துச் சொருகச் சொருக, அந்த வளைவு நிமிர்ந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெகட்டிவ் மேடையை முடித்துவிட்டு, அதே முறையில் லென்ஸ் பலகைக்குச் செல்லுங்கள். பழைய தூண்கள் உயரத்துக்கு உயரம் கொஞ்சம் மாறும் என்பதால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் உயரத்தில் வைத்தே இதைச் செய்வது நல்லது.

கடைசிச் சோதனைக்கு, வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன ஃபிலிம் துண்டில் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதை நெகட்டிவாக வையுங்கள். லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து நடுவில் ஃபோகஸ் செய்து, நான்கு மூலைகளிலும் கிரெயின் ஃபோகசரை (கூர்மையைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு கருவி) வைத்துப் பாருங்கள். துவாரத்தைச் சுருக்கிவிட்டுச் சோதித்தால் சாய்வு மறைந்துகொள்ளும்.

அதிர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனமான மேசை வேண்டும், தூணின் உச்சியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். கையை எடுத்து ஐந்து நொடியாவது கழித்தே தாளுக்கு ஒளியூட்ட வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் நடக்கும் தவறு, பெட்டியில் கூடவே வந்ததை அப்படியே நம்புவது. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6x6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80 மி.மீ. வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் 6x6 நெகட்டிவைப் போட்டால் மூலைகள் ஒளி போதாமல் பிரின்டில் வெளிறித்தான் விழும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து ஒரு சிறு டார்ச்சை அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்திவலைபோல் கிளைவிட்டுத் தெரியும். பால்போல் மூட்டம் படிந்திருந்தால் பிரின்டின் மாறுபாடு (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) செத்துவிடும். அதை மீட்க நீங்கள் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான என்லார்ஜர் லென்ஸ்களின் மரை 39 மி.மீ. தான். எல்-நிக்கோர், ரோடகான், காம்போனான்-எஸ் போன்ற ஆறு கண்ணாடி லென்ஸ் ஒன்றைத் தேடிப் பொருத்துவது மலிவான மூன்று கண்ணாடி லென்ஸோடு போராடுவதைவிட மேல். லைட்ஸ் ஃபோகோமாட் போன்ற தானியங்கி ஃபோகஸ் இயந்திரம் மட்டும் விதிவிலக்கு. அதன் இயக்கம் குறிப்பிட்ட லென்ஸுக்கென்றே அளந்து அமைத்தது; வேறு லென்ஸ் போட்டால் அளவு தப்பும்.

f எண்ணைக் கடைசிவரை கூட்டி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்ற நம்பிக்கையும் தவறு. எஃப் 2.8 லென்ஸ் 5.6-க்கும் 8-க்கும் இடையில்தான் சிறப்பாக வேலை செய்யும். 16-க்குப் போனால் ஒளி சிதறி படம் மொத்தமும் மென்மையாகிவிடும்.

விளக்கில் நான் கண்ட தவறுகள் இன்னும் அதிகம். கண்டென்சர் (விளக்கின் ஒளியைக் குவித்து நெகட்டிவுக்கு அனுப்பும் லென்ஸ் அமைப்பு) வகை என்லார்ஜருக்குப் பால்வெள்ளை விளக்கு வேண்டும், அதன் நெற்றியில் எழுத்து எதுவும் அச்சிட்டிருக்கக் கூடாது. கண்டென்சர் அந்த எழுத்தின் நிழலையும் சேர்த்துத் தாளில் இறக்கிவிடும். வெளிச்சம் போதவில்லை என்று கூண்டில் குறித்த வாட் அளவை மீறினால், சூட்டில் நெகட்டிவ் நடுவில் புடைத்து, ஒளியூட்டலின் பாதியில் ஃபோகஸ் நகரும். வீட்டு எல்.இ.டி. விளக்கைப் போடுகிறவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். டைமர் அணைத்த பிறகு இருட்டில் அந்த விளக்கையே உற்றுப் பாருங்கள். சிலவற்றில் மெல்லிய ஒளி தங்கியிருக்கும், அது தாளை மூட்டமாக்கும். அடுத்தது நீலம். மல்டிகிரேடு தாளில் (ஒளியின் நிறத்தைப் பொறுத்து மாறுபாடு மாறும் தாள்) அதிக மாறுபாட்டைத் தருவது நீல ஒளி. மஞ்சள் கலந்த எல்.இ.டி.யில் அது குறைவு என்பதால் கடின (அதிக மாறுபாட்டு) கிரேடுகள் கிடைக்காமல் போகலாம்.

கண்டென்சரைக் கழற்றித் துடைத்தவர்கள் திருப்பி வைக்கும்போது தடுமாறுவது வழக்கம். இரண்டு லென்ஸ்களின் வளைந்த பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். பிறகு நெகட்டிவ் இல்லாமல் அதன் தாங்கியை மட்டும் வைத்து, ஒரு தாளை நடுத்தரச் சாம்பல் நிறம் வரும்படி ஒளியூட்டிக் கழுவுங்கள். மூலைகள் வெளிறினால் விளக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்.

எந்திரம் சரியாகிவிட்டாலும் அறை கெடுக்கலாம். கூண்டின் காற்றுத்துளை வழியே கசியும் ஒளி வெள்ளைச் சுவரில் பட்டுத் தாளில் விழும்; பின்சுவருக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சு போதும். லென்ஸுக்கும் நெகட்டிவுக்கும் இடையிலுள்ள பழைய துருத்தியில் ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும். லென்ஸை மூடி, விளக்கைப் போட்டு, பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் நட்சத்திரம்போல் தெரியும்.

சேஃப்லைட்டும் (தாள் கெடாமல் வேலை பார்க்க எரியவிடும் மங்கல் விளக்கு) அப்படித்தான். என்லார்ஜரோடு வந்த மஞ்சள்-பச்சை விளக்கு நீலத்தை மட்டும் உணரும் பழைய தாளுக்கானது. மல்டிகிரேடு தாள் பச்சையையும் உணரும், அதற்கு அம்பர் அல்லது சிவப்பு வேண்டும். சோதிக்கும்போது புதுத் தாளில் நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டில் விட்டுக் கழுவி, வட்டம் விழவில்லை என்று மகிழ்ந்துவிடுவார்கள். ஒளிபடாத தாள் கொஞ்சம் ஒளியைத் தாங்கிக்கொள்ளும், ஆகவே அந்தச் சோதனை ஏமாற்றும். முதலில் சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, என்லார்ஜரில் தாளுக்கு மிக இளஞ்சாம்பல் நிறம் வரும் அளவு ஒளி கொடுங்கள். பிறகு நாணயங்களை வரிசையாக வைத்து சேஃப்லைட்டைப் போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். கழுவிய தாளில் எந்த நாணயத்தின் வட்டம் முதலில் வெளிறித் தெரிகிறதோ, அதுவரை போன நேரத்தைவிடக் குறைவாகவே உங்கள் தாள் அந்த வெளிச்சத்தில் இருக்கலாம்.