பண்டைய கிரேக்க வரலாறு பேசுறப்ப தவிர்க்க வேண்டிய தப்புங்க

கிரேக்க வரலாறுன்னு சொன்னதும் முக்கால்வாசி பேருக்கு ஞாபகம் வர்றது பாரசீகப் படையெடுப்ப எதிர்த்து தெர்மோபைலே கணவாய்ல நின்ன 300 ஸ்பார்டா வீரர்கள்தான். அவங்க நின்னது உண்மை, ராஜா லியோனிடஸ் அங்கயே செத்ததும் உண்மை, ஆனா அவங்க மட்டும்தான் நின்னாங்கன்னு எழுதுறதுதான் முதல் தப்பு. கி.மு. 480ல அந்தக் கணவாய காத்தவங்க சுமார் 7,000 பேர். மலைப்பாதை வழியா பாரசீகப் படை பின்னாடி வருதுன்னு தெரிஞ்சதும் பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க, தெஸ்பியேங்கிற சின்ன ஊர்க்காரங்க 700 பேர் போக மாட்டோம்னு நின்னு அங்கயே உயிர விட்டாங்க. அடுத்த வருஷம் அதே பாரசீகப் படையோட நடந்த பிளாட்டீயா சண்டைக்கு அந்த ஊர்லேர்ந்து மிச்சமிருந்த 1,800 பேர் வந்தாங்க, அவங்ககிட்ட கனமான கவசம் எதுவும் இல்லன்னு அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்காரு. எவ்ளோ பெரிய இழப்புன்னு அந்த ஒரு வரிலயே தெரியும். இவங்கள விட்டுட்டு கதை சொல்றது ரொம்ப அநியாயங்க.

இன்னொண்ணு, "கிரீஸ் நாடு பாரசீகத்த எதிர்த்துச்சு"ன்னு எழுதுறது. அப்படி ஒரு நாடே அப்ப கிடையாது. நூத்துக்கணக்கான தனித்தனி நகர அரசுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி சட்டம், தனிப் படை, பக்கத்து ஊரோட எல்லைத் தகராறு வேற. படையெடுப்ப எதிர்த்து நின்னது முப்பது சொச்சம் அரசுங்கதான். ஆர்கோஸ் ஒதுங்கி நின்னுடுச்சு, தீப்ஸ் பாரசீகத்துக்காகவே சண்டை போட்டுச்சு. இத மனசுல வெச்சுக்கலன்னா அடுத்த 150 வருஷத்துல நடந்த எதுவுமே புரியாது.

ஏதென்ஸ் ஜனநாயகத்த பத்தி ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. சிலர் அத இன்னைக்கு இருக்கிற மாதிரி நினைச்சுக்கிறாங்க, ஆனா பெண்களுக்கும் அடிமைங்களுக்கும் அங்கயே தலைமுறையா குடியிருந்த வெளியூர்க்காரங்களுக்கும் ஓட்டே கிடையாது, பெரும்பாலான பதவிக்கு ஆள் எடுத்ததும் குலுக்கல்லதான், வருஷா வருஷம் தேர்ந்தெடுக்குற 10 தளபதிங்க மாதிரி சில பதவிக்குத்தான் தேர்தல். இன்னும் சிலர் இது பணக்காரங்க விளையாட்டுன்னு ஒதுக்கிடுறாங்க, அதுவும் சரியில்ல. கி.மு. 483 வாக்குல ஏதென்ஸுக்கு சொந்தமான லாரியம் சுரங்கத்துல நிறைய வெள்ளி கிடைச்சப்ப ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சுக்கலாம்னு பேச்சு வந்துச்சு, ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ்தான் பேசிப் பேசி அந்தப் பணத்த போர்க்கப்பல் கட்டத் திருப்பிவிட்டாரு. மூணு வரிசைத் துடுப்பு வெச்ச அந்தக் கப்பல் ஒண்ணுக்கு 170 பேர் துடுப்பு போடணும், அந்த ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க கவசம் வாங்க வசதியில்லாத ஏழைங்க. கி.மு. 480ல பாரசீகத்தோட நடந்த சாலமிஸ் கடற்போர்ல ஜெயிச்சுக் குடுத்தது அவங்க. ஊரோட பலமே அவங்க தோள்ல இருக்குன்னு ஆனதுக்கப்புறம் சபையில அவங்க பேச்ச யாராலயும் தள்ள முடியல. ஏதென்ஸ் அரசியல படிக்கிறவங்க முதல்ல கப்பல படிக்கணும்னு நான் அடிச்சு சொல்வேன்.

அதுக்காக ஜனங்க முடிவு பண்ணதெல்லாம் சுத்தமா நடந்துச்சுன்னும் நம்பிடக்கூடாது. ஒருத்தர 10 வருஷம் ஊர விட்டு அனுப்பணும்னா உடைஞ்ச பானை ஓட்டுல அவர் பேர கீறிப் போடுவாங்க. ஏதென்ஸ் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் பக்கத்துல ஒரு கிணத்துல தெமிஸ்டாக்ளிஸ் பேர் கீறின ஓடு 190 கிடைச்சுது, கையெழுத்த பார்த்தா மொத்தமே 14 பேர் எழுதினது. யாரோ முன்கூட்டியே எழுதி ரெடியா வெச்சிருக்காங்க! கடைசில சாலமிஸ்ல ஜெயிச்ச அதே மனுஷன ஊர விட்டுத் துரத்தினாங்க, அவர் போய் சேர்ந்த இடம் பாரசீக ராஜாவோட அரசவை.

மராத்தான்ல பாரசீகப் படைய ஜெயிச்ச சேதியோட ஒரு ஓட்டக்காரர் ஏதென்ஸ் வந்து "ஜெயிச்சுட்டோம்"னு சொல்லிட்டு செத்தாருங்கிறது பல நூற்றாண்டு கழிச்சு எழுதின கதை. ஹெரோடோட்டஸ் சொல்றது, சண்டைக்கு முன்னாடி உதவி கேட்டு ஸ்பார்டாவுக்கு ஓடினவர பத்தி, அது சுமார் 240 கிலோமீட்டர்.

ஸ்பார்டாவ யாராலயும் ஜெயிக்க முடியலங்கிறதும் வேணாம். கி.மு. 404ல அவங்க ஏதென்ஸ பணிய வெச்சதே பாரசீகப் பணத்துல கட்டின கடற்படையாலதான். கி.மு. 371ல லியூக்ட்ராவுல தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் இடது பக்கம் 50 வரிசை ஆழத்துக்கு ஆள நிறுத்தி இடிச்சாரு, அங்க இருந்த 700 ஸ்பார்டா குடிமக்கள்ல 400 பேர் காலி. குடிமக்கள் எண்ணிக்கை ஏற்கெனவே சுருங்கிட்டே வந்துச்சு, அதனால அந்த அடியிலேர்ந்து அவங்களால எழவே முடியல. ரெண்டே வருஷத்துல மெஸ்ஸீனியாவுல தலைமுறை தலைமுறையா அடிமையா உழுத ஹெலட்டுங்க தனி அரசா நின்னாங்க.

பாரசீகத்து மேல படையெடுத்த மாசிடோனியா ராஜா அலெக்சாண்டர் விஷயத்துலயும் "மொத்த கிரேக்கமும் அவர் பின்னாடி போச்சு"ன்னு எழுதாதீங்க. கி.மு. 334ல கிரானிக்கஸ் ஆத்தங்கரைல பாரசீகப் பக்கம் அவர எதிர்த்து நின்னவங்கள்ல ஆயிரக்கணக்கான கிரேக்கக் கூலிப்படையும் உண்டு. ஜெயிச்சதும் பிடிச்ச கவசங்கள ஏதென்ஸுக்கு அனுப்பி வெச்சு, இது அலெக்சாண்டரும் ஸ்பார்டாக்காரங்க தவிர மத்த கிரேக்கர்களும் குடுக்குறதுன்னு பொறிக்க வெச்சாரு.