காருக்குள் கேட்கும் லொடலொடப்பையும் ரீங்காரத்தையும் நிறுத்துவது எப்படி?

என்னுடைய பழைய மூன்று சிலிண்டர் ஹேட்ச்பேக்கின் முன்கதவில் எழுந்த ரீங்காரத்தை நிறுத்திய முறையை இங்கே எழுதுகிறேன். சர்வீஸில் கேட்டால் 'பிளாஸ்டிக் சத்தம் சார், ஓட ஓடச் சரியாகிவிடும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். ஓட ஓட அது கூடுமே தவிரக் குறையாது.

முதலில் காலி செய்யுங்கள்

க்ளவ் பாக்ஸ், கதவுப் பைகள், சீட்டின் அடிப்பகுதி, டிக்கி ஆகியவற்றிலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஸ்டெப்னியும் ஜாக்கியும் அவற்றுக்குரிய இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆள் உட்காராத இருக்கையின் சீட் பெல்ட் பக்கிள் பக்கத் தூணின் பிளாஸ்டிக்கில் மோதுவதும் உண்டு. டயர் காற்று, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் அதையும் குறைத்துவிடுங்கள்.

ஒலியின் இடத்தைக் கண்டுபிடித்தல்

லொடலொடவென்று கேட்டால் ஏதோ தளர்ந்து மோதுகிறது. கிரீச்சென்று கேட்டால் இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி வழுக்குகின்றன. குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் 'ஙொய்' என்று ரீங்கரித்தால், ஒரு மெல்லிய பாகம் எஞ்சினின் துடிப்போடு சேர்ந்து அதிர்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிவதால், மூன்று சிலிண்டர் வண்டியின் எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) ஓடும்போது அந்தத் துடிப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை ஆகும். நான்கு சிலிண்டரில் அது ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸ்.

அதே அதிர்வெண்ணில் ஸ்பீக்கர் ஒலித்தாலும் அந்தப் பாகம் அதிரும் என்பதால், வண்டியை நிறுத்திவைத்தே தேடலாம். கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் (நாம் கேட்கும் அதிர்வெண்ணில் ஒலியெழுப்பும்) செயலி ஒன்றை நிறுவி, புளூடூத் வழியாகக் கார் ஸ்பீக்கரில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஒற்றை அதிர்வெண்ணைத் தொடர்ந்து உரக்க ஒலித்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடேறும் என்பதால், ஒலியளவை மிதமாகவே வையுங்கள். ரீங்காரம் எழுந்ததும் அதே அதிர்வெண்ணில் நிறுத்தி, கதவு, கைப்பிடி, ஸ்பீக்கர் வலை என ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது ஒலி அடங்குகிறதோ அங்கேதான் வேலை. அந்த இடம் தெரியும்வரை எதையும் கழற்ற வேண்டாம், எங்கும் பஞ்சைத் திணிக்கவும் வேண்டாம். சாலையில் மட்டும் கேட்கும் ஒலி என்றால் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் மேல் நகர்த்திக் கேளுங்கள். முன்கண்ணாடி ஒலியைத் திருப்பி அனுப்புவதால், வெறுங்காது சொல்லும் திசையை நம்ப முடியாது.

டோர் பேடைக் கழற்றுதல்

டோர் பேட் என்பது கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை. அதைக் கழற்றப் பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட்டும் பேடின் விளிம்பும் போய்விடும். உள்கைப்பிடிக்குப் பின்னாலும் கதவை இழுக்கும் குழிக்குள்ளும் சிறு மூடிகளுக்கு அடியில் ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிய பின், கீழ்மூலையில் தொடங்கி, பேடைக் கதவோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் நெம்பி, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து விடுபடும். பவர் விண்டோ வயர் தொங்கிக்கொண்டிருக்கும், ஆதலால் வெடுக்கென இழுக்காதீர்கள்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பேடை எடுக்கும்போது சில கிளிப்புகள் பேடோடு வராமல் கதவின் தகரத் துளையிலேயே தங்கிவிடும். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பேடை மேலே வைத்துக் குத்தினால், 'டக்' என்ற ஒலி கேட்காது. பேட் உட்கார்ந்தது போலத் தெரிந்தாலும் அந்த இடத்தில் ஓர் இழை அளவு இடைவெளி இருந்துகொண்டேயிருக்கும், பழைய சத்தத்தோடு புதிய சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தங்கிய கிளிப்பைக் குறடால் பிடித்து இழுத்து, பேடின் பின்புறமுள்ள பள்ளத்தில் பக்கவாட்டில் நுழைத்து, ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, கழுத்தில் வெண்மையாகக் கீறல் தெரிந்தாலோ, அதை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கிடைக்கும். பழைய கிளிப் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறு அளவைக் கொடுத்துவிடுவார்கள்.

பேடுக்குப் பின்னால் பிசின் வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான்; கிழித்துவிட்டால் மழைக்காலத்தில் கால்மிதியடி நனையும். தகரத்தில் தட்டும் வயர்க்கட்டு, பூட்டுக் கம்பி, பேடின் பிளாஸ்டிக் விளிம்புகள் ஆகியவற்றுக்கு மென்மையான துணி டேப் சுற்றுங்கள். ஸ்பாஞ்ச் டேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வெயிலில் அதன் பசை உருகி வழியும், ஸ்பாஞ்ச் நாளடைவில் பொடியாகும். ரப்பர் துண்டு அதைவிட மோசம், பிளாஸ்டிக்கோடு உரசித் தானே கிரீச்சிடும். எதை ஒட்டினாலும் கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

டேஷ்போர்டு

இங்கே கழற்றுவதைத் தவிர்க்கலாம். சந்தேகமான இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கார்டை எடுத்துவிட்டு, அதே தடிமனுக்கு ஃபெல்ட் துணியைச் செருகிவிடலாம். ஏர்பேக் மூடியின் ஓரத்திலும், திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடியின் மேல் திரைபோல விரியும் ஏர்பேக்) உள்ள முன்தூண் உறையிலும், இருக்கையின் பக்கவாட்டிலும் எதையும் செருகக் கூடாது. மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கினுடையதாக இருக்கக்கூடும். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை

எல்லாம் சரிசெய்த பிறகும் நண்பகலில் மட்டும் சத்தம் வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். வெயிலில் பிளாஸ்டிக் விரிவதால் இடுக்குகள் மாறுகின்றன. ஆகையால் டோன் சோதனையைக் காலையில் ஒரு முறையும், வண்டி வெயிலில் நின்று சூடேறிய பின் ஒரு முறையும் செய்யுங்கள்.

மேடு பள்ளத்தில் கதவு ஓரமாகக் கிரீச்சென்றால், அது பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர்தான். துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். எஞ்சின் ஆயிலோ வாசலினோ வேண்டாம். பெட்ரோலியப் பொருள்கள் பட்டால் இவ்வகை ரப்பர் உப்பிப்போகும்.