நெட்டியில் ஓர் ஆல்ஃபா ரோமியோ

நெட்டி என்னும் நீர்ச்செடியின் மென்தண்டில் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலையில் பெரிய கோயிலையே செய்து பழகியவர்களுக்கு, டிப்போ 33 பந்தயக் காரிலிருந்து 1967இல் பிறந்து, மொத்தம் 18 மட்டுமே உருவான ஆல்ஃபா ரோமியோ 33 ஸ்ட்ராடாலே என்ற இத்தாலியச் சாலைக் கார் எட்டாத வேலையன்று.

18இல் ஒரு பங்கு அளவில் செய்தால் நீளம் 22, அகலம் 9.5, உயரம் 5.5 செ.மீ. வரும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 13 செ.மீ. விடுங்கள், பந்தயக் காரின் படத்தைப் பார்த்து அளந்தால் அரை சென்டிமீட்டர் குறைந்துவிடும், ஏனெனில் சாலைக்கான நிஜக் காரில் அந்த இடைவெளியை 10 செ.மீ. கூட்டினார்கள்.

காய்ந்த நெட்டியின் தோலைச் சீவி, வெண்மையான உட்பகுதியை மட்டும் எடுங்கள். பிராங்கோ ஸ்காலியோனே வரைந்த முன்சக்கர மேடுகளே இந்தக் காரின் அழகு என்பதால், அவற்றை ஒரே துண்டில் செதுக்க முயலாமல், மெல்லிய வில்லைகளை அடுக்கி ஒட்டி, பசை காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேய்த்து வளைவைக் கொண்டுவர வேண்டும். நகம் பட்டாலே பள்ளம் விழும். கதவுக் கண்ணாடி கூரைவரை வளைந்து ஏறுவதால், அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் பொருந்தும். சிவப்பு பூசலாம், நான் பூசுவதில்லை, நெட்டியின் வெண்மை போதும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.