கிளினிக்கில் “பரவாயில்லை” என்பதற்குப் பதிலாக: மூட்டுவாத நோயாளர் தமது நோவை எண்ணால் சொல்வது எப்படி

வன்னியில் மூட்டுவாதத்துடன் வாழ்பவர்களில் பலர் விடியமுன் பஸ் ஏறி, ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று, வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, வைத்தியர் “எப்படி இருக்கு?” என்று கேட்டதும் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் பழைய குளிசைகளையே வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அது பொய்யல்ல, எங்கள் மரியாதை. ஆனால் கிளினிக் கொப்பியில் அது “மாற்றமில்லை” என்றே பதிவாகிறது.

இதற்கு மாற்றாக, நோயாளி தானே நிரப்பும் மதிப்பெண் தாள்கள் உள்ளன. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கச் செய்யும் றூமற்றொயிட் மூட்டுவாதத்துக்கு அவற்றில் எளிதானது ‘றப்பிட் 3’ (RAPID3) ஆகும். 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட நீண்ட வினாத்தாளின் வழிவந்த இதற்கு இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. கடந்த ஒரு வாரத்தில் அன்றாட வேலைகளைச் செய்ய முடிந்த அளவு, நோவு, மொத்தத்தில் உடல்நிலை ஆகிய மூன்றையும் மட்டுமே இது கேட்கிறது.

முதற்பகுதியே கவனமாக நிரப்ப வேண்டியது. உடுத்துப் பொத்தான் பூட்டுதல், படுக்கையால் எழும்புதல், நிறைந்த கோப்பையை வாய்க்கு உயர்த்துதல், குனிந்து துணி எடுத்தல், குழாயைத் திறந்து பூட்டுதல், பஸ்ஸில் ஏறி இறங்குதல், மூன்று கிலோமீற்றர் நடத்தல் உட்படப் பத்து வேலைகள் கேட்கப்படும். சிரமமே இல்லையென்றால் 0, சற்றுச் சிரமம் 1, மிகுந்த சிரமம் 2, முடியவில்லை 3. மருமகள் பொத்தான் பூட்டிவிட்டால் அது “முடிந்தது” ஆகாது; நீங்கள் தனியே செய்யக்கூடியதையே குறியுங்கள். கிணற்றில் வாளியால் அள்ளிக் குளிப்பவருக்குக் குழாய் பற்றிய கேள்வி பொருந்தாததுபோலத் தோன்றும். அதற்காகக் கேள்வியை வாளிக்கு மாற்றிவிடக் கூடாது, ஏனெனில் குழாய் திருகுவது விரல்களினதும் மணிக்கட்டினதும் வேலை, வாளி இழுப்பது தோளினதும் முதுகினதும் வேலை. கடையிலோ கோயிலிலோ திருகிய குழாயை நினைத்துப் பதில் சொல்லுங்கள். விளையாட்டு, பொழுதுபோக்கு பற்றிய கேள்வியைக் கண்டு எங்கள் அம்மாமார் சிரிப்பார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் நின்று வர முடிந்ததா என்று அவர்களிடம் கேட்டால் பதில் உடனே வரும். எந்த விளக்கத்தோடு ஒருமுறை பதிலளித்தீர்களோ, அடுத்த முறையும் அதே விளக்கத்தோடு பதிலளிப்பதே முக்கியம்.

பத்துப் பதில்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 10க்குள் ஓர் எண் வரும். அதனுடன், 0 முதல் 10 வரையான கோட்டில் (0 என்றால் நலம், 10 என்றால் மிக மோசம்) நோவுக்கும் பொது உடல்நிலைக்கும் நீங்கள் இட்ட எண்களைச் சேர்த்தால் மொத்தம் 30க்குள் அமையும். நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு வேலைகளின் கூட்டுத்தொகை 12 என்றால் அது 4 ஆகும். நோவு 6, உடல்நிலை 5 எனச் சேர்த்தால் 15. 12க்கு மேற்பட்டால் நோய் கடுமையாக இருப்பதாகவும், 6க்கு மேல் 12 வரை நடுத்தரமாகவும், 3க்கு மேல் 6 வரை குறைவாகவும், 3 அல்லது அதற்குக் கீழே அடங்கிய நிலையிலும் இருப்பதாகவும் கொள்ளப்படும்.

ஆனால் இந்த எண் எதனால் உயர்ந்தது என்பதைத் தாள் அறியாது. 2009 போரில் காலிழந்தவருக்கும், உடலில் செல் சன்னத்துடன் வாழ்பவருக்கும், மூட்டு வீக்கம் முழுவதும் தணிந்த பின்னரும் நடை தொடர்பான பதில்கள் உயர்ந்தே இருக்கும். தேய்ந்த முழங்கால், சிக்குன்குனியாவுக்குப் பிந்திய நோவு, நித்திரையின்மை, மனச்சோர்வு ஆகியனவும் எண்ணை ஏற்றும். ஆகவே பக்கத்து வாங்கில் இருப்பவரின் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடாமல், உங்கள் போன முறை எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய காயங்களைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த வாரம் அருவி வெட்டோ களையெடுப்போ இருந்தால் அதையும், நோக் குளிசையோ ஸ்டீரொயிட்டோ கூடுதலாக எடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் குறைந்த எண் வைத்தியரை ஏமாற்றிவிடும்.

தாளைக் கிளினிக்குக்கு முதல்நாள் மாலை வீட்டில் நிரப்புவது நல்லது. எழுத வாசிக்கச் சிரமமானவருக்குப் பிள்ளைகள் கேள்வியை வாசிக்கலாம், ஆனால் பதிலைத் தாங்களே ஊகிக்கக் கூடாது. காலையில் மூட்டு விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பது இந்த மூன்றில் அடங்காவிட்டாலும், அதையும் எழுதி வைத்தால் பயனுண்டு. உள்ளே போனதும் பேச்சைத் தொடங்குமுன் தாளைக் கொடுங்கள். கால் விரல்களில் நோவென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயின் தீவிரத்தைக் கணிக்கும் ‘டாஸ் 28’ (DAS28) எனும் அளவீட்டுக்காக வைத்தியர் எண்ணும் 28 மூட்டுகளில் பாதங்கள் இல்லை.

நோய் தணியாதிருக்கையில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையை மதிப்பிட்டு, மூன்று மாதத்திலும் முன்னேற்றம் இல்லையென்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஆகவே அடுத்தடுத்த இரண்டு தாள்களிலும் எண் 12க்கு மேலேயே நின்றால், “மருந்தை மாற்ற வேண்டுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகவே மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். குறிப்பாக இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே எடுக்கும் குளிசை என்பதால், நோவு கூடியது என்று அதைத் தினமும் விழுங்குவது உயிராபத்தாகும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சூடாகி வீங்கினால் தாளையும் கிளினிக் திகதியையும் பார்த்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.