‘இன்னசென்ட்’டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில்தான் சாயங்கால டியூஷன். ‘இன்’ என்றால் இல்லை, மிச்சம் அறிவு, ஆக ‘இன்னசென்ட்’ என்றால் ஒன்றும் அறியாதவன் என்று போர்டில் எழுதிவிட்டேன். “அப்ப விவரம் தெரிஞ்சவங்க யாரும் இன்னசென்ட்டா இருக்க முடியாதா சார்?” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முழித்தேன். அன்றிரவு உட்கார்ந்து தேடிய வழி இது.

படி 1: முன்னொட்டைக் கழற்றுங்கள். ‘இன்’, இல்லை. அது சரிதான்.

படி 2: மிச்சத்தின் வேரைப் பிடியுங்கள். நான் வழுக்கியது இங்கேதான். ஓசையை வைத்து ஊகிக்கவே கூடாது. லத்தீனில் ‘நொக்கேரே’ என்றால் தீங்கு செய்தல். ‘நொக்கென்ஸ்’ தீங்கு செய்கிற, ‘இன்னொக்கென்ஸ்’ தீங்கு செய்யாத. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அறிதல் என்ற வேர் இருப்பது, அறியாத என்று பொருள்படும் ‘இக்னரன்ட்’டில். நான் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறேன்!

படி 3: பங்காளிகளைத் தேடுங்கள். நச்சுப்புகைக்குச் சொல்லும் ‘நாக்ஷியஸ்’ ஒன்று. நம் எல்லார் வாயிலும் புழங்கும் ‘நியூசன்ஸ்’ இன்னொன்று. இதற்கெல்லாம் ஆங்கிலச் சொற்களின் வேர் சொல்லும் எடிமான்லைன் என்ற இணையதளம் போதும். தேடலில் முதலில் வந்து விழும் வரியை நான் நம்புவதில்லை.

படி 4: தமிழ்ச்சொல்லை இடம் பார்த்துப் போடுங்கள். வழக்கில் சிக்கினாலும் குற்றம் செய்யாதவர் நிரபராதி. குழந்தையின் சிரிப்பு கள்ளங்கபடமற்றது. “அவன் ரொம்ப இன்னசென்ட்” என்றால் வெகுளி, சில நேரம் ஏமாளி. தீங்கு செய்யாதவன் போகப்போக சூதுவாது தெரியாதவன் ஆகிவிட்டான். ‘வெகுளி’யின் கதை இதைவிட வேடிக்கை. திருக்குறளில் ‘வெகுளி’ என்றால் கோபம், ‘வெகுளாமை’ கோபம் கொள்ளாமை. இன்றோ கோபமே வராத ஆளைத்தான் வெகுளி என்கிறோம்.

பிற்சேர்க்கை: ‘இன்னசென்ட் ஆஃப்’ பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பின்னால் குற்றம் வந்தால் அதைச் செய்யாதவர். ஏதாவது ஒரு சாமான் வந்தால் அது துளியும் இல்லாதது, கொஞ்சம் கிண்டலாக. நேற்று நான் வைத்த குழம்பை அப்பத்தா உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்கள். “இன்னசென்ட் ஆஃப் சால்ட், அப்பத்தா” என்றேன்.

“அது என்ன கருமமோ, மொதல்ல உப்பு ஜாடிய எடுத்தா.”