தாம்பரத்திலிருந்து குறைந்த செலவில் அரைநாள் உலா

தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருக்கும் குடும்பத்தினர் விடுமுறை நாளில் வெளியே கிளம்பும்போது, எந்த ரயில் நிலையத்தில் இறங்கலாம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு அதைச் சுற்றி உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால், செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே குறைந்துவிடும். 1931 முதல் மின்ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில் பயணச்சீட்டு இன்றும் 5 ரூபாயில் தொடங்குகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ரயிலையும் பேருந்தையும் இணைத்துக்கொண்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டியையே முடித்துவிடலாம்.

முதல் உலாவுக்குப் பரங்கிமலையைப் பரிந்துரைக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை நடந்தே செல்லலாம். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிக்கட்டு அங்கிருந்து மேலே ஏறுகிறது. படி ஏற இயலாத முதியோருக்கு, வாகனம் செல்லும் பாதை தனியாக உண்டு. உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் எழுப்பிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மதிலோரம் வந்து நின்றால், மீனம்பாக்கம் ஓடுதளத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெளிவாகத் தெரியும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கடினம். வெயில் ஏறுவதற்குள், அதாவது காலை ஏழு மணிக்கு முன்பாகவே மலையேறத் தொடங்குவது நல்லது. வழிபாடு நடக்கும் நேரமாக இருந்தால், தேவாலயத்துக்குள் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் மூன்றாவது நிலையமான திரிசூலத்தில் இறங்கி, குன்றுகளுக்கிடையே அமைந்துள்ள சோழர் காலத் திரிசூலநாதர் கோயிலையும் நண்பகல் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். விமான நிலையத்துக்கு எதிரிலேயே இப்படி ஓர் ஊர் இருப்பது அவ்வழியாக நாள்தோறும் ரயிலில் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

திருநீர்மலையை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பல்லாவரத்திலிருந்து பேருந்தில் சென்றால், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளை நின்ற கோலத்திலும், மலைமேல் நரசிம்மரை அமர்ந்த கோலத்திலும், அரங்கநாதரைக் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாளை நடந்த கோலத்திலும் ஒரே தலத்தில் சேவிக்கலாம். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. மேலிருந்து சுற்றுப்புறத்து ஏரிகளைப் பார்க்கும்போது அந்தக் கதையை நம்புவது எளிதாகிவிடும். பக்தி நாட்டம் இல்லாதவர்களும் இந்தக் காட்சிக்காகவே ஏறலாம். படிகளில் குரங்குகள் இருப்பதால், தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்லாதீர்கள்.

மார்கழி, தை மாதங்களில் பறவை பார்க்க விரும்புவோர் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குச் செல்லலாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு அளிக்கப்படும் ராம்சர் தகுதியை 2022இல் பெற்ற இந்த நீர்நிலையில் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் காணலாம். அருகிலேயே குப்பைக்கிடங்கு இருப்பதால், காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் நீண்ட நேரம் நிற்க முடியாது. பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால், பறவைகள் கரைக்கு அருகே மேயும் அதிகாலையில் செல்லுங்கள்.

கிண்டியில் காந்தி மண்டபத்துக்குக் கட்டணம் இல்லை. காமராஜர், ராஜாஜி நினைவிடங்களும் அதே வளாகத்தில் உள்ளன. மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ண ஏற்ற இடம். பக்கத்திலுள்ள சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் கட்டணம் உண்டு.

வண்டலூர் உயிரியல் பூங்காவை மலிவான இடம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் 602 ஹெக்டேர் பரப்பில் விரிந்த அந்தக் காட்டை ஆண்டுக்கொரு முறையாவது குழந்தைகளுக்குக் காட்டலாம். பேட்டரி வண்டிக்கும் உலாவிடப் (சஃபாரி) பயணத்துக்கும் தனிக்கட்டணம் வசூலிக்கப்படுவதால், நடக்கக்கூடிய வயதுப் பிள்ளைகளோடு சென்றால் நுழைவுச்சீட்டோடு செலவு முடியும். வண்டலூர்ப் பூங்காவுக்கும் கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பண்டிகை விடுமுறை அந்தக் கிழமையில் வந்தால், திறந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.